எங்கட தூள் ரொறன்ரோவுக்குப் போன கதை

2023 ஆவணியில் ஒரு ஞாயிறு காலை எங்கட வட்ஸ்அப் குழுவுக்குள் ஒரு படம் வந்து விழுந்தது. ஸ்காபுரோவில் ஒரு தமிழ்க் கடை. தட்டில் வரிசையாக அரைக் கிலோ பைக்கற்றுகள். முகப்பில் எங்கட இறங்குதுறை, பொழுதுபடுகிற வானம், கட்டியிருக்கிற ஒரு வள்ளம், கரையில் மூன்று பனை. மேலே வளைந்த எழுத்தில் ‘கொழும்புத்துறைக் கறித்தூள்’. படத்தை அனுப்பிய மச்சாள் கீழே எழுதியிருந்தா: “வாழ்த்துக்கள்! கனடா வரைக்கும் வந்திட்டீங்கள்!”

நாங்கள் கனடாவுக்கு ஒரு கிராம் தூள்கூட அனுப்பினதில்லை.

தெரியாதவர்களுக்காக: கொழும்புத்துறை கொழும்பில் இல்லை. யாழ்ப்பாண மாநகரசபை எல்லையின் கிழக்குப் பக்கத்தில், பாசையூருக்கும் அரியாலைக்கும் நடுவில், கடல்நீரேரியைப் பார்த்தபடி இருக்கிற ஊர். யோகர் சுவாமிகள் இருந்த கொட்டில் இருக்கிற ஊர் என்றால் கொஞ்சப் பேருக்குப் பிடிபடும். இறங்குதுறையில் நின்றால் எதிர்ப்பக்கம் பூநகரி. இந்தக் கதை முழுக்க ஊரின் பெயரே எங்களுக்கு ஒரு தொல்லை. தொலைபேசியில் சொன்னால் அந்தப் பக்கத்தில் இருப்பவர், “ஓ, கொழும்பு ஹாபரா?” என்று கேட்பார்.

2022இல் எரிவாயு வரிசையில் ஊரே நின்ற காலத்தில்தான் தூள் தொடங்கியது. எங்கட தாய்மார், அன்ரிமார் என்று எட்டுப் பேர். ஒரு வீட்டுப் பின்வளவில் விறகடுப்பு, பெரிய தாச்சி. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து மில்லுக்குக் கொண்டுபோய்த் திரித்து, முதலில் ஒழுங்கைக்குள்ளும் பிறகு நகரத்தில் நாலைந்து கடைகளிலும் கொடுத்தார்கள். லேபல் செய்து கொடுத்தது நாங்கள். எங்களில் ஒருத்தன் ஒரே இரவில் செய்து முடித்தான். அதற்கு அவனுக்குக் கிடைத்த கூலி இரண்டு பிளேன்ரீயும் ஒரு தட்டுப் பகோடாவும்.

அந்த லேபல் எப்படிக் கடல் தாண்டியது என்று கண்டுபிடிக்க அரை நாள்கூட எடுக்கவில்லை. எட்டுப் பேரில் ஒரு அன்ரியின் தம்பி அங்கே சாமான் இறக்கிக் கடைகளுக்குப் போடுகிறவர். லேபலை அச்சுக்கு அனுப்புகிற நேரம் பெருமையில் அன்ரி அந்தக் கோப்பை அவருக்கும் அனுப்பியிருக்கிறா. அவர் வேறு எங்கேயோ மொத்தமாக வாங்கிய தூளை அதே உறைக்குள் போட்டு விற்கிறார். அன்ரி அவருக்கு எடுத்துக் கேட்டபோது அவர் சொன்ன பதில்: “நான் எங்கட ஊர்ப் பேரை உலகம் முழுக்கக் கொண்டு போறன், நீங்கள் கோவிக்கிறியள்.”

உண்மையைச் சொன்னால், அவர் கள்ளன் மாதிரிக் கதைக்கவில்லை. நல்ல காரியம் செய்கிற ஆள் மாதிரித்தான் கதைத்தார். அதுதான் எங்களுக்கு இன்னும் கொதி ஏற்றியது.

முதலில் போனது யாழ்ப்பாண நீதிமன்றத்தடியில் இருக்கிற ஒரு சட்டத்தரணி அக்காவிடம். உறுதி, பங்குபிரிப்பு, வேலிச் சண்டை, எல்லைக் கல் என்று அவவின் மேசை நிறையக் கோவைகள். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டா. பிறகு, “பிள்ளையள், நான் இவ்வளவு காலமும் பேசினது காணி வழக்குத்தான். உது எனக்கு வராது. ஆனா ஆருக்கு வரும் எண்டு எனக்குத் தெரியும்” என்றா. அந்த ஒரு வசனத்தின் பெறுமதி அண்டைக்கு எங்களுக்கு விளங்கவில்லை. தனக்கு வராததை வராது என்று சொல்லி, வருகிற ஆளிடம் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுகிற தொழில்காரர் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்? அவ தன்னோடு சட்டக்கல்லூரியில் படித்த ஒருவருக்குக் கொழும்புக்கு எடுத்தா. புலமைச் சொத்து வழக்குகள்தான் அவரின் வேலை.

இந்தச் சொல்லிலேயே எங்களுக்கு ஒரு தடக்கல். தமிழ்நாட்டில் ‘அறிவுசார் சொத்துரிமை’ என்பார்கள். எங்கட அரச கடிதங்களில் ‘புலமைச் சொத்து’. சட்டத்தரணிகள் தங்களுக்குள் ‘ஐபி’ என்று முடித்துவிடுவார்கள். அன்ரிமாருக்கு எங்களில் ஒருத்தி சொல்லிக் கொடுத்தது, “மூளையால செய்த சாமானுக்கு உறுதி முடிக்கிறது.” காணி உறுதி எல்லாருக்கும் தெரிந்த விசயம் என்பதால் அது உடனே ஏறிவிட்டது. ஒரு பிழையையும் சேர்த்துத்தான் ஏற்றியது, அதைப் பிறகு சொல்கிறோம்.

கொழும்புச் சட்டத்தரணியோடு சூமில் கதைத்தோம். அவர் தமிழர்தான், ஆனால் இந்த விசயத்தைத் தமிழில் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஒவ்வொரு வசனத்திலும் தட்டுப்பட்டு நின்று, “இதுக்குத் தமிழ் என்ன அக்கா?” என்று யாழ்ப்பாண அக்காவைக் கேட்டார். அவவும் தேடினா. நல்ல இரண்டு சட்டத்தரணிகள் எங்களுக்கு முன்னால் ஒரு சொல்லுக்காகத் தடுமாறியதைப் பார்த்தபோதுதான் எங்கட பிரச்சினையின் நீளம் தெரிந்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தமிழிலும் இருக்கிறது. ஆனால் சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும். வியாபாரக் குறி பதிய வேண்டிய தேசிய புலமைச் சொத்து அலுவலகம் கொழும்பு 10இல். வழக்கென்று வந்தால் போக வேண்டிய வணிக மேல் நீதிமன்றமும் கொழும்பில். கொழும்புத்துறையிலிருந்து கொழும்புக்கு நானூறு கிலோமீற்றர். ஒரு பைக்கற் தூளில் மிஞ்சுகிற காசை வைத்து அந்தத் தூரத்தை நீங்களே கணக்குப் பாருங்கள்.

அவர் சொன்னதில் உறுதி உவமை அங்கேயே உடைந்தது. காணி உறுதி எங்கே கொண்டுபோய்க் காட்டினாலும் காணி உங்களுடையதுதான். வியாபாரக் குறி அப்படியில்லை. இலங்கையில் பதிந்தால் இலங்கைக்குள் மட்டும், பத்து வருசத்துக்கு. வேண்டுமென்றால் பிறகு புதுப்பிக்கலாம். கனடாவில் வேண்டுமென்றால் கனடாவில் தனியாகப் பதிய வேண்டும். ஒரே விண்ணப்பத்தோடு பல நாடுகளில் கேட்கிற மாட்ரிட் ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறது. அப்போது இலங்கை அதில் சேர்ந்திருக்கவில்லை. கனடா 2019 யூன் 17இல் சேர்ந்துவிட்டது. அதே நாளில் அங்கே இன்னொரு மாற்றமும் வந்தது. பதிவதற்கு முதல் அந்தப் பெயரை அங்கே பாவித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஒருத்தர் எங்கட பெயரைப் பாவிக்காமலேயே முதலில் போய்ப் பதிந்து வைக்கலாம். பிறகு அதை எடுத்துப்போட நாங்கள்தான் அலைய வேண்டும்.

“நீங்கள் இஞ்சயாவது பதிஞ்சனீங்களா?” என்று கேட்டார்.

இல்லை.

“ஊர்ப் பேரை மட்டும் வச்சுக்கொண்டு அது எங்களுக்கு மட்டும்தான் எண்டு கேக்கவும் ஏலாது. கொழும்புத்துறையில ஆரும் தூள் இடிச்சு அந்தப் பேரைப் போடலாம்தானே?”

நியாயம்தான். அந்த நியாயம் எங்கட வயிற்றைக் கலக்கியது. அப்போதுதான் அவர் வேறு பக்கத்தால் வந்தார். பெயரை விடுங்கள், லேபலைப் பாருங்கள் என்றார். வரைந்த படத்துக்கும் எடுத்த படத்துக்கும் பதிப்புரிமை இருக்கிறது. அதைப் பதியத் தேவையில்லை, செய்த நேரத்திலேயே பிறந்துவிடும். இலங்கை 1959இலிருந்து பேர்ன் உடன்படிக்கையில் இருக்கிறது, கனடாவும் அதில் இருக்கிறது. அதனால் இங்கே செய்த லேபலுக்கு அங்கேயும் பாதுகாப்பு உண்டு. அப்படியே நகல் எடுத்திருக்கிறார், அதுதான் எங்கட பிடி.

நாங்கள் கதிரை நுனிக்கு வந்துவிட்டோம். அடுத்த கேள்வி: “அந்தப் படம் ஆர் எடுத்தது?”

சூமில் ஒரு நீண்ட அமைதி. லேபல் செய்தவன் கமராவை நிறுத்திவிட்டான்.

படத்தை நாங்கள் எடுக்கவில்லை. ஃபேஸ்புக்கில் யாரோ போட்டிருந்த படம், மூலையில் இருந்த பெயரை வெட்டிவிட்டுப் போட்டது. எழுத்துரு ‘தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்’ என்று தெளிவாக எழுதியிருந்த ஒன்று. லேபல் செய்த மென்பொருள் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், இதை வாசிக்கிற பாதிப் பேரின் மடிக்கணினிக்குள்ளும் அது அப்படித்தான் வந்திருக்கும். களவு போய்விட்டது என்று முறைப்பாடு சொல்லப் போன நாங்கள் களவுச் சாமானோடு போய் நின்றிருக்கிறோம்.

படம் எடுத்தவரைத் தேடிப் பிடிக்க ஒரு கிழமை போனது. கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர், இருந்தது எங்கட வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர் தள்ளித்தான். ஒரு பைக்கற் தூளோடு நாலு பேர் போனோம். வாசலில் நின்று, “அண்ணை, ஒரு விசயம் கதைக்க வேணும்” என்று இழுத்தோம். அவர் பைக்கற்றைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நான் போன வருசமே கண்டனான். அம்மா உதைத்தான் வாங்கிறவ.”

“ஏன் அண்ணை கேக்கேல்ல?”

“கேட்டா என்ன வரும்? பொம்பிளையள் அடுப்படியில நிண்டு பிழைக்கினம். நான் போய் என்ர படம் எண்டு சண்டை பிடிக்கிறதே? ஆனா தம்பியவை, அந்தப் படத்துக்கு நான் மூண்டு நாள் பின்னேரம் போய் நிண்டனான். மூண்டாம் நாள்தான் அந்த வெளிச்சம் வந்தது. நீங்கள் என்ர பேரை வெட்டிப்போட்டுப் போட்டிருக்கிறியள்.”

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒரு பக்கத்தில், தமிழில், ஒரு கடிதம் எழுதினோம். யாழ்ப்பாண அக்கா காணி உடன்படிக்கை எழுதுகிற அதே கையால் எழுதித் தந்தா. படம் அவருடையது. தூள் லேபலில் பாவிக்க அனுமதி தருகிறார். வேறெதிலும் பாவிக்க முடியாது. பெயர் பைக்கற்றில் வர வேண்டும். அவருக்கு ஐயாயிரம் ரூபா. காசு விசயத்தில் அன்ரிமார் கொஞ்சம் கிளம்பினார்கள். “படம் அவர் எடுத்ததுதான். அதில நிக்கிற வள்ளம் எங்கட பெரியப்பான்ர எல்லோ? அவருக்கு ஆர் தாறது?” என்று ஒருவர். சிரித்துவிட்டுக் கடந்துவிட்டோம். ஆனால் மோசமான கேள்வி இல்லை. பனைக்கும் வெளிச்சத்துக்கும் உறுதி இல்லை, அதைப் பிடித்த ஆளுக்குத்தான் உரிமை என்று விளங்கப்படுத்த எங்களுக்குக் கனநேரம் எடுத்தது. எழுத்துருவை மாற்றினோம். கட்டற்ற உரிமத்தோடு வருகிற நல்ல தமிழ் எழுத்துருக்கள் எத்தனையோ இருக்கின்றன, முதலே தேடியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் ரொறன்ரோக் கடிதம். கொழும்புக்காரருக்குக் கனடாவில் வேலை பார்க்க உரிமை இல்லை. அங்குள்ள சட்டத்தரணி ஒருவரைப் பிடித்துத் தந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. தமிழ் விளங்கும், வாசிக்க ஏலாது. யாழ்ப்பாணத்திலிருந்து உண்மைகள், கொழும்பிலிருந்து சட்டம், ரொறன்ரோவிலிருந்து கடிதம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நேரில் கண்டதில்லை. நடுவில் மொழிபெயர்ப்பாளராக நாங்கள். நேர வித்தியாசத்தால் எங்கட இரவு அவவின் பகல். ‘துறை’ என்றால் என்ன என்று அவ கேட்ட இரவு, இறங்குதுறையில் நின்று ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பினோம். அடுத்த வரைவில் அந்தச் சொல்லுக்கு அவ எழுதியிருந்த விளக்கம் எங்களுடையதை விட வடிவாக இருந்தது.

மூன்று பேரும் எங்களிடம் காசு வாங்கவில்லை. நன்றி சொல்கிறோம், ஆனால் இதைப் பெருமையாகச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு அக்காவுக்கு ஒரு பழைய நண்பர், அவருக்கு அங்கே ஒரு தெரிந்தவ. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் எங்கட கதை அந்த வட்ஸ்அப் படத்தோடு முடிந்திருக்கும். பெரிய நிறுவனங்களுக்கு இந்தத் தொடர்புகள் கட்டணத்தோடும் கணக்கோடும் இருக்கின்றன. நாடு நாடாகத் தெரிந்த முகவர், பெயர் பதியும் திகதியை நினைவூட்ட ஆள். எட்டு அன்ரிமாருக்கு இருந்தது அதிர்ஷ்டம். வடக்கில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இதை வாசித்தால் ஒன்று சொல்ல ஆசை: காணி வழக்குக்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இதற்கு ஆளில்லை.

கடிதம் தயார். அனுப்ப எட்டுப் பேரின் கையெழுத்தும் வேண்டும் என்றோம். தம்பிக்காரியின் முறை வந்தபோது அன்ரி பேனையைப் பிடித்தபடி இருந்தா. “அம்மா செத்த வீட்டுக்குக் காசு அனுப்பினவன் அவன்தான்” என்றா. ஒருவரும் கதைக்கவில்லை. ஒரு அன்ரி, “நீ போடாட்டிலும் நாங்கள் கோவிக்க மாட்டம்” என்று சொன்னா. நாங்களும் தலையாட்டினோம், உள்ளுக்குள் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே. கடைசியில், “தூள் எங்கடையாயிருந்தா விட்டிருப்பன். ஊர்ப் பேரில எங்கயோ கிடந்த தூளை விக்கிறான்” என்று சொல்லிவிட்டுப் போட்டா. அதற்குப் பிறகு இரண்டு மாதம் தம்பி அவவுக்கு எடுக்கவில்லை. நத்தாருக்கும் எடுக்கவில்லை.

பைக்கற் கடைகளிலிருந்து போனது. தை மாதம் மச்சாள் இன்னொரு படம் அனுப்பினா. அதே ஆள், அதே தூள், புது உறை. கணினியே கீறிய படம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பனை என்று கேட்டிருப்பார், அது தென்னையைக் கீறி நுனியில் பனங்காயைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. பெயர்: ‘யாழ்ப்பாணத் தூள்’.

கொழும்புக்காரரிடம் அனுப்பினோம். “உதை ஒண்டும் செய்ய ஏலாது” என்றார். யாழ்ப்பாணத் தூள் என்ற பெயர் யாருடையதும் இல்லை. எல்லாருடையதும் என்று சொல்வதற்கு வழி ஒன்று இருக்கிறது, அதுதான் புவியியல் குறியீடு. இலங்கைக் கறுவாவுக்கு அது நடந்திருக்கிறது. ‘சிலோன் சினமன்’ என்ற பெயரை ஐரோப்பிய ஒன்றியம் 2022 பெப்ரவரி 2இல் பதிந்தது, எங்கட நாட்டுப் பொருளொன்றுக்கு அங்கே கிடைத்த முதல் பதிவு அது. அதற்குப் பின்னால் நின்றது ஏற்றுமதி அபிவிருத்திச் சபை, தனி ஒரு வியாபாரி இல்லை. உள்ளூரில் 2003 சட்டத்தில் இந்தக் குறியீட்டுக்கு இடம் இருந்தாலும் அதைப் பதிகிற பதிவேட்டுக்கு வழி 2022 திருத்தச் சட்டத்தோடுதான் வந்தது. தமிழ்நாட்டில் இது கொஞ்சம் முதலே சூடுபிடித்த வேலை. இந்தியாவின் புவிசார் குறியீட்டுப் பதிவகமே சென்னையில் இருக்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் கிடைத்தது, மணப்பாறை முறுக்குக்கு 2023இல். வழக்கறிஞர் சஞ்சய் காந்தி மாதிரி ஒருவர் இந்த வேலையையே பிடித்துக்கொண்டு கைவினைஞர்களுக்காகவும் உற்பத்தியாளர்களுக்காகவும் விண்ணப்பம் விண்ணப்பமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு ஆள் இங்கே இருந்தால் என்று ஏங்கினோம். பதிந்தவுடன் முறுக்குக்காரரின் வாழ்க்கை மாறிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. கள்ள முறுக்கைப் பிடிக்க ஆளும் காசும் பிறகும் வேண்டும்.

ஆனாலும் முயன்று பார்ப்போம் என்று இந்த வருசம் மாசியில் ஒரு கூட்டம் வைத்தோம். எங்கட எட்டுப் பேரோடு, வேறு ஊர்களில் தூள் செய்கிற பெண்கள் சிலர். கொழும்புக்காரர் சூமில். அவர் சொன்னார், விண்ணப்பத்துக்கு எது யாழ்ப்பாணத் தூள் என்று எழுத வேண்டும். என்ன போடுகிறது, எவ்வளவு, எந்த நிறம் வரும்வரை வறுக்கிறது, எந்த எல்லைக்குள் செய்தது. கறுவாவுக்கும் அப்படித்தான் எழுதினார்கள்.

அரை மணித்தியாலத்தில் கூட்டம் சண்டையாகிவிட்டது. வெந்தயம் கூடினால் கைக்கும் என்றது ஒரு பக்கம், கூடாவிட்டால் மீன்குழம்புக்கு ஒத்துவராது என்றது இன்னொரு பக்கம். மிளகாயை எண்ணெய் தொட்டு வறுக்கலாமா என்பதில் இரண்டு சம்பந்திகள் முகம் பார்க்காமல் இருந்தார்கள். கறிவேப்பிலை கருகுமட்டுமா, மொறுமொறுப்பு வருமட்டுமா? நாங்கள் வெள்ளைப்பலகையில் எழுதி எழுதி அழித்தோம். தூள்களைக் கலந்து பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, பின்வளவில் அடுப்பு மூட்டி, ஆறு தூளில் ஆறு சட்டி மீன்குழம்பு. எல்லாரும் தங்கட சட்டியைத்தான் நல்லது என்றார்கள்.

பின்னேரம் எல்லாரும் போன பிறகு எங்கட மூத்த அன்ரியிடம் தனியாகப் போனோம். அவவின் அளவைத்தான் எட்டுப் பேரும் பாவிக்கிறார்கள். ஆனால் கடைசியாகச் சேர்க்கிற ஒரு சாமானை அவவே வீட்டில் வறுத்துப் பொடியாக்கிக் கொண்டுவருவா, இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. அவவின் மாமி சொல்லிக் கொடுத்ததாம். இப்படியானதுக்கு ‘வெளிப்படுத்தாத தகவல்’ என்று சட்டத்தில் ஒரு இடம் இருக்கிறது, சொல்லாமல் வைத்திருக்கும்வரைதான் அதற்குப் பாதுகாப்பு. குறியீட்டுக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் விளங்கப்படுத்தினோம். எது வேண்டும் என்று கேட்டோம்.

அன்ரி தாச்சியைக் கழுவிக் கவிழ்த்தா. “பிள்ளையள், அவையின்ர தூள் ஆறும் நல்லாத்தான் இருந்தது. அடுத்த கூட்டம் எப்ப?” என்றா.

“சாமான் என்னண்டு சொல்லுவீங்களோ அன்ரி?”

“பாப்பம்” என்றா.